ஒரு வயது வரை காத்திருக்க வேண்டாம்

குழந்தைக்கு இன்னும் கழுத்து நிற்கவில்லை, ஒரு கை எப்போதும் மூடியே இருக்கிறது, காலை விரித்துத் துணி மாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது என்று ஒரு தாய் கவலைப்பட்டால் நம் ஊர்களில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஒரு வயசு ஆகட்டும், பார்க்கலாம்." மாமியார் சொல்வார், பக்கத்து வீட்டு அக்கா சொல்வார், சில வேளை மருத்துவரும் சொல்வார். பெற்றவள் கலங்கிவிடக் கூடாதே என்ற கரிசனத்தில்தான் சொல்கிறார்கள். பல குழந்தைகள் விஷயத்தில் அது பலித்தும் விடுகிறது. அதனால்தான் அந்த வார்த்தை இத்தனை காலம் நிலைத்திருக்கிறது. பிறக்கும்போதோ பிறந்த சில நாள்களிலோ மூளை பாதிக்கப்பட்ட குழந்தைக்கு மட்டும் அந்த வார்த்தை பெரும் தீங்கு செய்கிறது. அந்தக் குழந்தையின் வாழ்நாளில் பயிற்சிக்கு மிக நன்றாக இணங்கும் காலம் அந்த முதல் ஆண்டுதான். நோய்க்குப் பெயர் உறுதியாகட்டும் என்று காத்திராமல், சந்தேகம் வந்த வாரத்திலேயே இயன்முறைப் பயிற்சி தொடங்க வேண்டும். அதற்கு வேண்டிய ஆட்களும் ஏற்பாடுகளும் திருப்பதிக்கும் புத்தூருக்கும் நடுவிலுள்ள வடமாலபேட்டை போன்ற ஊரின் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன.

முதலில் பாதிப்பு எப்படி வருகிறது என்று பார்ப்போம். பிரசவம் நீண்டு குழந்தைக்கு மூச்சுத் திணறி மூளைக்கு ரத்தமும் ஆக்சிஜனும் குறைவது ஒரு காரணம். குறைமாதக் குழந்தையின் மூளை நடுவே உள்ள வெண்பகுதி சேதமடைவது இன்னொன்று. கவனிக்காமல் விட்ட மஞ்சள் காமாலை, ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்குவது, மூளைக்காய்ச்சல், கருவிலோ பிறந்த உடனேயோ வரும் பக்கவாதம் என்று பட்டியல் நீளும். இவற்றின் விளைவாக வரும் அசைவுக் கோளாறைத்தான் மூளை முடக்குவாதம் என்கிறோம். இந்தியாவில் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ மூவருக்கு இது இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தையின் உடலைக் குளிரவைத்து மூளையைக் காக்கும் முறை பணக்கார நாடுகளில் பலன் தந்தது. அது நம் பகுதிக்கும் பொருந்துமா என்று சென்னை, பெங்களூரு, மும்பை உள்ளிட்ட இடங்களிலும் இலங்கையிலும் வங்கதேசத்திலுமாக 408 குழந்தைகளிடம் ஹெலிக்ஸ் என்ற பெரிய ஆய்வு நடந்தது. 2021இல் முடிவு வந்தது. குளிரவைத்த குழந்தைகளில் 42 சதவீதம் பேர் இறந்தார்கள். வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் 31 சதவீதம். அந்தக் கதவு இப்போதைக்கு நமக்கு அடைபட்டிருக்கிறது. பிரசவத்தைப் பாதுகாப்பாக்குவதும், பாதிப்பு நேர்ந்துவிட்டால் அதன் பிறகான மாதங்களை வீணாக்காமல் இருப்பதுமே நம் கையில் உள்ள வழிகள்.

அந்த மாதங்கள் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு நரம்பியல் தெளிவான காரணம் சொல்கிறது. கை கால்களை நம் விருப்பப்படி அசைக்கும் கட்டளை, மூளையின் மேற்பரப்பிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்பு இழைகளின் வழியே போகிறது. பிறக்கும்போது மூளையின் ஒவ்வொரு பாதியிலிருந்தும் உடலின் இரண்டு பக்கத்துக்கும் இழைகள் போகின்றன. பிறகு முதல் இரண்டு ஆண்டுகளில் வலது மூளை இடது கையையும் இடது மூளை வலது கையையும் பொறுப்பேற்கும்படி மற்ற இழைகள் பெரும்பாலும் விலகிக்கொள்கின்றன. எந்த இழை தங்கும், எது விலகும் என்பதைப் பயன்பாடுதான் முடிவு செய்கிறது என்பதை இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜேனட் ஐர் நடத்திய ஆய்வுகள் காட்டின. மூளையின் ஒரு பாதி பாதிக்கப்பட்டால் அங்கே தப்பிப் பிழைத்த இழைகள் வேலையில்லாமல் சோர்ந்து கிடக்கும்; நல்ல பாதியின் இழைகள் அந்த இடத்தையும் பிடித்துக்கொள்ளும். ஏரிப் பாசனத்தில் தன் முறைக்கு மடை திறக்காத வயலின் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போய்விடுவதைப் போல, உபயோகிக்காத இணைப்பின் பங்கு கைமாறிப் போகிறது. மூளையின் காயம் வளர்வதில்லை. காயத்தால் பயன்படாமல் கிடக்கும் கையின் இழப்புதான் மாதத்துக்கு மாதம் வளர்கிறது. குழந்தையின் மூளை வளைந்துகொடுக்கும், தானே சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வளையும் மூளை எந்தப் பக்கமும் வளையும். பயிற்சி இல்லாவிட்டால் கையை மறக்கவும் அது கற்றுக்கொள்ளும்.

இத்தனை சீக்கிரம் எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்வி நியாயமானது. குழந்தையின் மாதங்களை உற்றுப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. தலையை நிமிர்த்தி ஆடும் செங்கீரையை ஐந்தாம் மாதத்துக்கும், இரு கையையும் சேர்த்துத் தட்டும் சப்பாணியை ஒன்பதாம் மாதத்துக்கும் வகுத்து வைத்தது நம் பிள்ளைத்தமிழ் மரபு. மருத்துவம் இன்று அதற்கும் முன்னால் போய்ப் பார்க்கிறது. ஆஸ்திரிய ஆய்வாளர் ஹைன்ஸ் பிரெக்டல், மல்லாந்து படுத்திருக்கும் மூன்று மாதக் குழந்தையின் அசைவுகளைப் படம் பிடித்து ஆராய்ந்தார். இந்த வயதில் ஆரோக்கியமான குழந்தை, யாரும் கொஞ்சாமல் பொம்மை காட்டாமல் சும்மா விழித்துக் கிடக்கும்போது, அதன் கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் எங்கும் சின்னச் சின்னச் சுழல் அசைவுகள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒன்பதாவது வாரம் முதல் இருபதாவது வாரம் வரை இவை தெரியும். 1997இல் லான்செட் இதழில் அவரது குழு வெளியிட்ட ஆய்வில் 130 குழந்தைகள் இருந்தார்கள். இந்த அசைவுகள் சரியாக இருந்த 70 பேரில் 67 பேர் இயல்பாக வளர்ந்தார்கள். அசைவு இல்லாமலோ மாறுபட்டோ இருந்த 60 பேரில் 57 பேருக்குப் பிற்பாடு நரம்புக் குறைபாடு தெரிந்தது. இதற்கு வேண்டியது சில நிமிட வீடியோவும் அதைப் படிக்கத் தெரிந்த ஒருவரும்தான். இதனுடன் ஹாமர்ஸ்மித் பரிசோதனை என்ற 26 அம்ச நரம்புச் சோதனையையும், வசதி இருந்தால் எம்.ஆர்.ஐ. படத்தையும் சேர்த்துப் பார்த்தால், ஆறு மாதத்துக்கு முன்பே மூளை முடக்குவாதத்தையோ அதற்கான பெரும் அபாயத்தையோ சொல்லிவிடலாம் என்று ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக் தலைமையிலான பன்னாட்டுக் குழு 2017இல் தெளிவுபடுத்தியது. அதுவரை ஒரு வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடையில்தான் பெயர் சொல்வது வழக்கமாக இருந்தது. அந்தக் குழு சொன்ன இன்னொன்று இன்னும் முக்கியம். முழு உறுதி வராவிட்டால் 'அபாயம் அதிகம்' என்று குறித்துக்கொண்டு பயிற்சியை அன்றே தொடங்க வேண்டும்.

எந்தப் பயிற்சி என்பதில்தான் பெரிய மாற்றம் வந்திருக்கிறது. குழந்தையைப் படுக்கவைத்துப் பெரியவர்களே கை கால்களை நீட்டி மடக்கி விடுவதுதான் பிசியோதெரபி என்று பலரும் நினைக்கிறார்கள். லண்டனில் பெர்டா, காரல் பொபாத் தம்பதியர் 1940களில் உருவாக்கிய, குழந்தையைப் பிடித்துச் சரியான நிலையில் அசைக்கும் முறை உலகமெங்கும் பரவி, நம் நாட்டுப் பயிற்சி மையங்களிலும் நெடுங்காலம் ஆட்சி செய்தது. அடுத்தவர் கையால் நடக்கும் அசைவு குழந்தையின் திறமையாக மாறுவதில்லை என்பதே ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் வந்து சேர்ந்த முடிவு. குழந்தை தானே முயல வேண்டும். எட்ட முடியாததுபோல் தோன்றும் பொம்மையை எட்டிப் பிடிக்க வேண்டும். தவறினால் மறுபடி முயல வேண்டும். ஒரு பக்கக் கை மட்டும் பலவீனமான குழந்தைக்கு சுவீடனில் வகுத்த முறை இதை நன்றாகக் காட்டும். நன்றாக உள்ள கைக்கு ஒரு காலுறையையோ சின்னக் கையுறையையோ மாட்டிவிடுகிறார்கள். குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, பலவீனமான கைக்கு எதிரே எளிதில் பற்றக்கூடிய, லேசான, ஓசை எழுப்பும் பொருளை நீட்டுகிறார்கள். அந்தக் கை மெல்ல விரிந்து வரும் வரை அம்மா பொறுத்திருக்கிறாள். தானே எடுத்துத் திணிப்பதில்லை. பற்றிவிட்டால் அடுத்த பொருள், சற்று எட்டத்தில். நாளுக்கு அரை மணி, வாரத்தில் ஆறு நாள், ஆறு வாரம்; பிறகு ஓய்வு விட்டு இன்னோர் ஆறு வாரம். செய்வது பெற்றோர். வாரம் ஒருமுறை பயிற்சியாளர் வந்து பார்க்கிறார். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இதையும், ஒப்பிட்டுப் பார்க்க மசாஜையும் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வில், கை முன்னேறியது இந்தப் பயிற்சி பெற்ற குழந்தைகளுக்குத்தான். பாட்டி எண்ணெய் தேய்த்து உருவி விடுவதை யாரும் நிறுத்த வேண்டியதில்லை. அந்தத் தொடுதலில் குழந்தைக்குச் சுகமும் நெருக்கமும் உண்டு. அதையே சிகிச்சை என்று நம்பி இருந்துவிடுவதுதான் ஆபத்து.

வீட்டின் அன்றாட வேலைக்குள்ளேயே பயிற்சிக்கு இடம் நிறைய உண்டு. குழந்தையைக் கால்களை அகட்டி இடுப்பில் தூக்கிக்கொள்ளும் நம் பழக்கம், தொடைகள் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும் குழந்தைக்கு நல்ல மருந்து. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு விலகிப்போகிறது என்பதால் தொடைகள் விரிந்திருக்கும் நிலை முக்கியம். விழித்திருக்கும் நேரத்தில், கண் பார்வையிலேயே, மார்புக்கடியில் சுருட்டிய துண்டை வைத்துக் குப்புறப் படுக்கவைத்தால் கழுத்தும் முதுகும் வலுக்கும். சேலைத் தூளியில் தூங்கவைப்பது நம் வழக்கம். விழித்திருக்கும் குழந்தையை நாளெல்லாம் அதில் போட்டு வைத்தால் உதைக்கவும் திரும்பவும் வழியில்லாமல் சுருண்டே கிடக்கும். பாய் விரித்துத் தரையில் விடுவதே நல்லது. சோறூட்டும்போது தலையைப் பின்னால் சாய்க்காமல் நேராக உட்காரவைப்பதும், கூப்பிடும்போது குழந்தை திரும்பாத பக்கத்திலிருந்து கூப்பிடுவதும் பயிற்சிதான். இவற்றில் எது தன் பிள்ளைக்குப் பொருந்தும் என்பதை ஒரு பயிற்சியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். உடல் விறைக்கும் குழந்தைக்கும் துவளும் குழந்தைக்கும் ஒரே முறை சரிப்படாது.

இதற்கெல்லாம் போதிய ஆதாரம் இருக்கிறதா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆய்வுகளில் பல சிறியவை. நெதர்லாந்தில் குடும்பத்தை மையமாக வைத்த புதிய முறையையும் வழக்கமான பிசியோதெரபியையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வில் அசைவுத் திறனில் வித்தியாசம் தெரியவில்லை. அதிலிருந்து இரண்டு முறைகளில் எது உயர்ந்தது என்று சொல்ல முடியாது என்றுதான் ஆகிறது. ஒன்றும் செய்யாமல் இருப்பது நல்லது என்று ஆகாது. நம் மண்ணுக்கு நெருங்கிய சான்றும் இருக்கிறது. கர்நாடகத்தின் பெலகாவியிலும் பாகிஸ்தானிலும் சாம்பியாவிலும் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்குப் போய் வயதுக்கேற்ற விளையாட்டுகளைத் தாய்க்குக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்று வயதில் அந்தக் குழந்தைகள் அறிவு வளர்ச்சியிலும் அசைவு வளர்ச்சியிலும் மற்றவர்களை முந்தியிருந்தார்கள். பிறக்கும்போது மூச்சுத் திணறிய குழந்தைகளும் அதில் இருந்தார்கள். மிகக் கடுமையான பாதிப்புள்ளவர்கள் சேர்க்கப்படவில்லை. பெரும் மருத்துவமனை இல்லாமலே இந்த அளவு நடந்திருக்கிறது என்பது வடமாலபேட்டைக்குப் பொருந்தும் செய்தி. 2021இல் வந்த பன்னாட்டு வழிகாட்டுதலும், இரண்டு வயதுக்குட்பட்ட அபாயமுள்ள குழந்தைகளுக்குத் தாமதமின்றி, குழந்தையே முயலும் பயிற்சியை வீட்டுச் சூழலில் தொடங்கச் சொல்கிறது.

ஒன்றுமில்லாத பிள்ளைக்கும் பயம் காட்டிவிடுவீர்களே என்பது அடுத்த மறுப்பு. தவறான எச்சரிக்கை சிலருக்கு வரத்தான் செய்யும். அப்படிப்பட்ட குழந்தை அடைவதெல்லாம் கொஞ்ச நாள் கூடுதலான விளையாட்டும் அம்மாவின் கவனமும். அதன் தாய் படும் கவலை உண்மையானது, சில மாதங்களில் தீர்ந்துவிடும். தவறவிட்ட குழந்தைக்கு நேரும் இழப்பை ஈடுகட்ட வழியே இல்லை. எல்லாப் பாரத்தையும் தாயின் தலையிலேயே கட்டுகிறீர்கள் என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. நகரி, புத்தூர் பக்கம் விசைத்தறியிலும் வயல் வேலையிலும் நிற்கிற பெண்ணுக்கு இன்னோர் அரை மணி எங்கிருந்து வரும்? அதனால்தான் பயிற்சியைக் குளிப்பாட்டுவதிலும் ஊட்டுவதிலும் தூக்குவதிலும் கலந்து வைக்க வேண்டும். அப்பாவுக்கும் பாட்டிக்கும் அதே நாளில் சேர்த்துக் கற்றுக்கொடுக்க வேண்டும். வாரந்தோறும் பேருந்தேறித் திருப்பதிக்கு வரச்சொல்வதைக் குறைத்துப் பணியாளர் வீட்டுக்குப் போக வேண்டும். பொய் நம்பிக்கை தருகிறீர்கள் என்பவர்களுக்கும் பதில் உண்டு. பயிற்சி இறந்த மூளைச் செல்லை உயிர்ப்பிக்காது. கடுமையான பாதிப்புள்ள குழந்தை பயிற்சிக்குப் பிறகும் நடக்காமல் போகலாம். நேராக உட்கார்ந்து, புரையேறாமல் சாப்பிட்டு, இடுப்பு விலகாமல் வலியின்றி வாழ்வதே அதற்குப் பெரிய வெற்றி. உண்மையில் பொய் நம்பிக்கை விற்பவர்கள், லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு ஸ்டெம் செல் ஊசி போடுகிறவர்கள். அனுமதி பெற்ற ஆராய்ச்சிக்கு வெளியே மூளை முடக்குவாதத்துக்கு ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாகத் தரக் கூடாது என்று 2017இன் தேசிய வழிகாட்டுநெறி சொல்கிறது.

வடமாலபேட்டை இருக்கும் இடத்தை இப்போது பார்ப்போம். 2022இல் மாவட்டங்கள் பிரிந்தபோது சித்தூரிலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு வந்த மண்டலம் இது. அருகே திருப்பதியில் ருயா அரசு மருத்துவமனையும் ஸ்விம்ஸும் இருக்கின்றன. போலியோவால் கால் முடங்கிய ஏழைகளுக்காகத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1985இல் தொடங்கிய பர்டு மருத்துவமனையும் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யும் சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் சில மணி நேரப் பயணம்தான். 2014இல் இந்தியா போலியோ இல்லாத நாடானது. போலியோ காலத்தில் முடங்கிய பிறகு கொண்டுவந்து அறுவையும் காலிப்பரும் வாங்கிப் போவது வழக்கமாக இருந்தது. மூளை பாதிக்கப்பட்ட குழந்தைக்கு அந்த வழக்கம் ஒத்துவராது. கோணல் விழுந்த பிறகு வந்தால் பாதி வாய்ப்பு போய்விட்டது என்று பொருள். எலும்பு முறிவென்றால் புத்தூர் கட்டு தேடிப் பல மாநிலங்களிலிருந்து மக்கள் வரும் பகுதி இது. கால் விறைத்த குழந்தையையும் கட்டுப் போட்டால் சரியாகும் என்று தூக்கிப்போகும் எண்ணம் இங்கே எளிதில் வரும். இந்த விறைப்பு எலும்பில் இல்லை, தசைக்குக் கட்டளையிடும் இடத்தில் இருக்கிறது; அசையாமல் கட்டி வைப்பது இங்கே எதிர்மாறான வேலையைச் செய்யும்.

கண்டுபிடிக்கும் ஏற்பாடும் ஏற்கெனவே வீட்டு வாசலுக்கு வந்துபோகிறது. மருத்துவமனையில் பிறந்த குழந்தையையும் ஆஷா பணியாளர் 42ஆம் நாள் வரை ஆறு முறை வீட்டில் வந்து பார்க்க வேண்டும். 2018இல் வந்த திட்டப்படி 3, 6, 9, 12, 15ஆம் மாதங்களிலும் அவர் வர வேண்டும். தடுப்பூசிக்காக 6, 10, 14ஆம் வாரங்களில் தாயே குழந்தையைத் தூக்கி வருகிறாள். அந்தப் 14ஆம் வாரம், பிரெக்டல் சொன்ன அசைவுகள் தெளிவாகத் தெரியும் காலத்தின் நடுவில் விழுகிறது. மூச்சுத் திணறிப் பிறந்த, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த, வலிப்பு வந்த, கடும் காமாலை கண்ட குழந்தைகளின் பட்டியலைக் கிராம சுகாதாரச் செவிலியர் (ஏ.என்.எம்.) கையில் வைத்திருந்து, ஊசி போடும் முன் மூன்று நிமிடம் செல்போனில் படம் எடுத்து, மாவட்டத்தில் பயிற்சி பெற்ற ஒருவருக்கு அனுப்பினால் போதும். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு, அந்த இரண்டு மாதத்தைக் கழித்துக் கணக்கிட வேண்டியிருப்பதால், 14ஆம் வாரம் மிகச் சீக்கிரம். அதற்கு ஆஷாவின் ஆறாம் மாத வருகை சரியான நேரம். குறைகள் தென்படும் குழந்தைகளை அனுப்ப, 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தை நலத் திட்டத்தில் மாவட்ட அளவில் தொடக்கநிலைச் சிகிச்சை மையம் வகுக்கப்பட்டிருக்கிறது. பிறகு வீட்டுக்குப் போகும் வேலையைக் கிராமப் பெண்களாலேயே செய்ய முடியும். தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981இல் எஸ்.ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம் அதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. சங்கம் பயிற்சி கொடுத்த சமூகப் பணியாளர்கள் வீடுவீடாகப் போகிறார்கள். செல்போன் செயலியில் முன்னேற்றத்தைப் பதிகிறார்கள். பிசியோதெரபிஸ்டுகள் அதைப் பார்த்து வழிநடத்துகிறார்கள்.

குறைவது இந்தக் கண்ணிகளைச் சேர்த்துக் கட்டும் பொறுப்புதான். வீடியோவைப் படிக்க மாவட்டத்துக்கு இரண்டு மூன்று பேருக்காவது பயிற்சி, அபாயமுள்ள குழந்தைகளின் பட்டியல், தெலுங்கிலும் தமிழிலும் தாய்க்குப் புரியும் பயிற்சிக் குறிப்பு, மாதம் இருமுறை வீட்டுக்கு வரும் ஒருவர்: அரசு செய்ய வேண்டியது இவ்வளவு. பெற்றோர் செய்ய வேண்டியதும் உண்டு. நான்கு மாதத்துக்குப் பிறகும் கைவிரல்கள் மூடியே இருந்தால், ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தினால், ஒன்பது மாதத்தில் உட்காராவிட்டால் (குறைமாதக் குழந்தையாயின் அந்த மாதங்களைக் கழித்துக் கணக்கிட வேண்டும்), யார் என்ன சமாதானம் சொன்னாலும் குழந்தைநல மருத்துவரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் அந்த வாரமே போங்கள். நேஷனல் டிரஸ்டின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, பயிற்சிச் செலவும் சேர்த்து, உதவி உண்டு. மூளை முடக்குவாதம் உறுதியானதும் அதையும் கேட்டுப் பெறுங்கள். "பொறுத்துப் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால், "பார்க்கும் வரை வீட்டில் என்ன பயிற்சி செய்யட்டும்?" என்று திருப்பிக் கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் எந்தத் தாயும் வீடு திரும்பக் கூடாது.